எந்த வடிகட்டி என்று முடிவு செய்வதற்கு முன்: கலங்கிய ஒயினில் இருப்பது என்ன?

வெள்ளைத் திராட்சையில் செய்த ஒயின் மூன்று மாதமாகியும் கலங்கலாகவே இருக்கிறது, கொஞ்சம் இனிப்பு மிச்சமிருக்கிறது, காபி வடிதாளில் இரண்டு முறை ஊற்றியும் தெளியவில்லை, இனி 0.45 மைக்ரான் சவ்வு வடிகட்டி வாங்கலாமா, அப்படி வடித்தால் மணமும் சுவையும் போய்விடும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கருவி நல்லது என்று கேட்பதுபோல் தோன்றினாலும், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். கலங்கலை உண்டாக்குவது எது, அதை வடிகட்டியால் பிடிக்க முடியுமா, பிடிக்கும்போது நீங்கள் விரும்பும் எதையாவது சேர்த்து இழந்துவிடுவீர்களா என்பதுதான் அது. போகிற போக்கில் நீங்கள் சொன்ன அந்த மிச்ச இனிப்பையும் நான் விடமாட்டேன். கலங்கலைவிட அதுதான் எனக்குக் கவலை தருகிறது. நுண்ணுயிரியல் படித்துவிட்டுப் பல ஆண்டுகளாக ஒயின் தயாரிப்புக் கூடங்களில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வடிகட்டிக்கு நல்லது கெட்டது தெரியாது. அதற்குத் தெரிந்தது அளவும், ஓரளவு மின்னூட்டமும்தான். ஆகவே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்தத் துளையளவை வாங்கினாலும் பயனில்லை.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். ஒயின் ஈஸ்ட்டின் செல் ஒன்று சுமார் 5 முதல் 10 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லாக்டிக் பாக்டீரியாவும் அசிட்டிக் பாக்டீரியாவும் குறுக்களவில் அரை மைக்ரானுக்கும் ஒரு மைக்ரானுக்கும் இடைப்பட்டவை. கரைந்திருக்கும் புரதங்களோ சில நானோமீட்டர் அளவுதான். அதாவது பாக்டீரியாவைவிட நூறு மடங்குக்கும் மேல் சிறியவை. சிவப்பு ஒயினுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் மூலக்கூறு அதைவிடவும் சிறியது, ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். மணம் தரும் மூலக்கூறுகளும் அந்த வரிசையில்தான் வரும். காபி வடிதாளின் இடைவெளிகள் பத்து இருபது மைக்ரான் கணக்கில் இருப்பவை. தோல் துணுக்கும் கூழும் அதில் நிற்கும்; ஈஸ்ட் தாராளமாக நழுவிப் போகும். நீங்கள் எத்தனை முறை ஊற்றினாலும் இதுதான் நடக்கும்.

அந்த வடிதாள் வேலை பயனற்றது மட்டுமல்ல, கெடுதலும்கூட. சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் திறந்த புனல் வழியே இறங்கும் ஒயின் முழுக்கக் காற்றில் தோய்ந்துவிடுகிறது. வெள்ளை ஒயினுக்கு ஆக்சிஜன்தான் பெரிய எதிரி. புதுப்பழ மணம் மங்கி, வெட்டிவைத்த ஆப்பிள் பழுத்துக் கருத்தது போன்ற அசிட்டால்டிஹைடு வாடை எழும், நிறம் பழுப்பேறும், அசிட்டிக் பாக்டீரியா இருந்தால் அதற்கும் வசதி. மூன்றாவது முறை தயவுசெய்து செய்யாதீர்கள். ஒயினை ஆக்சிஜனிலிருந்தும் நுண்ணுயிர்களிலிருந்தும் காக்கச் சேர்க்கும் சல்ஃபர் டை ஆக்சைடின் அளவை இப்போதே சோதித்துக் குறைந்திருந்தால் சரிசெய்யுங்கள். ஜாடியைக் கழுத்துவரை நிரப்பி மூடிவையுங்கள்.

அடுத்தது கலங்கலின் காரணம். உங்கள் ஒயினைக் கண்ணால் பார்க்காமல் நான் அறுதியிட்டுச் சொல்ல முடியாது; ஆனால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை ஒயினை நிரப்பி, குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் அசைக்காமல் வையுங்கள். இருட்டறையில் பக்கவாட்டிலிருந்து டார்ச் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். அடியில் பழுப்பு வெள்ளையாக மெல்லிய படலம் படிந்து, மேலே தெளிவு வந்திருந்தால் அது ஈஸ்ட். குளிரும் பொறுமையுமே போதும். அடியில் மின்னும் படிகத் துகள்கள் இருந்தால் அவை டார்டாரிக் உப்பு, தீங்கற்றவை. புட்டியை மெதுவாகச் சுழற்றும்போது ஒளிக்கற்றைக்குள் பட்டு நூல் அலைவதுபோல் மினுமினுப்பு ஓடினால், பாக்டீரியா பெருகியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். எதுவுமே மாறாமல் பால் கலந்தது போலச் சீராக மங்கியே இருந்தால், பழத்திலிருந்து வரும் கூழ்ப்பொருளான பெக்டின் மீது என் பார்வை போகும். அதற்கும் எளிய சோதனை உண்டு: ஒரு பங்கு ஒயினில் நான்கு பங்கு ஸ்பிரிட்டை ஊற்றிக் கலக்கி வைத்தால், பெக்டின் இருக்கும்பட்சத்தில் சற்று நேரத்தில் கட்டியாகவோ இழையாகவோ திரளும். அந்தச் சோதனைக் கலவையை உடனே கொட்டிவிடுங்கள், வாயில் வைக்கக் கூடாது. பெக்டினுக்கு மருந்து வடிகட்டி அல்ல, பெக்டினைச் சிதைக்கும் நொதி. பழச்சாறாக இருந்தபோதே போட்டிருந்தால் சிறிதளவு போதும். நொதித்த பிறகு மதுசாரம் அதன் வேகத்தைக் குறைப்பதால் கூடுதல் அளவும் கூடுதல் நாளும் தேவைப்படும்.

இன்னொரு காரணத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு. நொதித்தலில் உண்டான வாயு ஒயினில் தங்கியிருந்தால், நுண்ணிய குமிழ்கள் மண்டியைத் தூக்கிக்கொண்டே இருக்கும். ஒரு புட்டியில் பாதி ஊற்றி, வாயைக் கட்டைவிரலால் அடைத்துக் குலுக்கிப் பாருங்கள். விரலை எடுக்கும்போது சீறினால் வாயு இருக்கிறது. மெதுவாகக் கலக்கி வாயுவை வெளியேற்றிய சில நாளிலேயே ஜாடி தெளிந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் உங்கள் ஒயினில் இனிப்பும் மிச்சமிருப்பதால், அந்த வாயு பழையதா, இன்னும் மெல்ல நொதித்துக்கொண்டிருப்பதன் அடையாளமா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை அடர்த்திமானியில் அளந்து, எண் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் நொதித்தல் முடியவில்லை. அதுவரை தெளிவைப் பற்றிப் பேசுவதே அவசரம்.

புரதம் தனி ரகம். தெளிந்து பளபளவென்று இருக்கும் வெள்ளை ஒயின், புட்டியில் அடைத்து வெயில் காலத்தில் சில வாரம் இருந்தபின் திடீரென்று புகைபோல மங்குவதுண்டு. வெப்பத்தில் புரதங்கள் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது அது. புட்டியில் அடைக்கும் நேரத்தில் அவை கரைந்த நிலையில் இருப்பதால் எந்தச் சவ்வும் அவற்றைத் தடுக்காது. முன்கூட்டியே அறிய, தெளிந்த ஒயினில் கொஞ்சம் எடுத்து மூடி, 80 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்து, முழுக்க ஆறவிட்டு, சூடாக்காத ஒயினோடு ஒளியில் ஒப்பிடுங்கள். மங்கினால் பென்டோனைட் களிமண் தேவை. ஒயினின் அமிலத்தன்மையில் புரதங்கள் நேர்மின்னூட்டத்தோடு இருக்கும். பென்டோனைட் எதிர்மின்னூட்டம் கொண்டது. பற்றிக்கொண்டு அடியில் போய்ப் படியும். லிட்டருக்குக் கால் கிராமிலிருந்து ஒரு கிராம் வரை வழக்கமான அளவு. சூடான நீரில் முன்னதாகவே ஊறவைத்து, சிறு மாதிரிகளில் வெவ்வேறு அளவு போட்டு, வெப்பச் சோதனையில் தேறும் மிகக் குறைந்த அளவையே ஜாடிக்குப் போடுங்கள். அளவு கூடினால் அது மணத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சுவையைத் திருடுவதாக வடிகட்டியைக் குற்றம் சொல்பவர்கள் பலர், அளவு மீறிய பென்டோனைட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

தெளிவின் பெரும்பகுதி வடிகட்டிக்கு முன்பே, தெளியவைத்து இறுப்பதிலேயே கிடைத்துவிடுகிறது. துகளின் விட்டம் பாதியானால் அது இறங்கும் வேகம் நான்கில் ஒன்றாகிவிடும் என்பது இயற்பியல் விதி. அதனால் ஈஸ்ட் சில வாரங்களில் இறங்கும். பாக்டீரியா மாதக்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். குட்டையான ஜாடி உயரமான தொட்டியைவிட விரைவில் தெளியும். துகள் இறங்க வேண்டிய தூரம் குறைவு. அந்த வகையில் சிறு அளவில் செய்பவர்களுக்குப் பெரிய தொழிற்கூடங்களுக்கு இல்லாத அனுகூலம் உண்டு, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மண்டியிலிருந்து இறுக்கும்போது குழாயின் முனை அடியில் படாமலும், வெளியேறும் முனை புதிய ஜாடியின் அடிவரை இறங்கியும் இருக்கட்டும். தெறித்து விழுந்தால் மீண்டும் காற்றுத் தொல்லை.

இனி வடிகட்டும் முறைகள். பெரிய தயாரிப்பாளர்கள் மண்டி அதிகமுள்ள ஒயினுக்கு நெடுங்காலமாக டயாட்டம் மண்ணை நம்பியிருக்கிறார்கள். டயாட்டம் என்ற நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் படிந்து உருவான மண் அது. ஒரு கம்பி வலைமேல் முதலில் இந்த மண்ணை ஒரு படலமாகப் படியவைத்து, பிறகு வரும் ஒயினிலும் தொடர்ந்து சிறிது மண்ணைக் கலந்துகொண்டே இருப்பார்கள். வடிக்கும் படலம் தடித்துக்கொண்டே போகும், ஆனால் அடைத்துக்கொள்ளாது. இந்த முறையின் நுட்பமே அதுதான். அடிமண்டியிலிருந்து மிச்ச ஒயினை மீட்க, வெற்றிடத்தில் சுழலும் உருளை மீது இதே மண்ணைப் பூசிப் பயன்படுத்துவதும் உண்டு. சிறு அளவுக்கு இது பொருந்தாது. தூளைச் சுவாசிப்பது ஆபத்தானதும்கூட. சூளையில் சுட்ட டயாட்டம் மண்ணில் படிகச் சிலிக்கா இருக்கிறது. சுவாசத்தில் சென்றால் அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்டிருக்கிறது. முகக்கவசமின்றி அந்த மூட்டையைப் பிரிக்க யாரையும் நான் அனுமதிப்பதில்லை. எரிமலைக் கண்ணாடியிலிருந்து கிடைக்கும் பெர்லைட் இதற்கு ஒரு மாற்று.

உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையில் கைகொடுக்கக்கூடியது தகடு வடிகட்டிதான். செல்லுலோஸ் நாரோடு டயாட்டம் மண்ணோ பெர்லைட்டோ கலந்து அழுத்திய தடித்த அட்டைகளைத் தகடுகளுக்கிடையே வைத்து முறுக்கி, அவற்றின் வழியே ஒயினைச் செலுத்துவது. இந்த அட்டையை ஒரே அளவு துளை கொண்ட சல்லடையாக நினைக்கக் கூடாது. அது அடர்ந்த முட்புதர் மாதிரி: உள்ளே நுழைந்த துகள் வளைந்து நெளிந்து போகும் வழியில் எங்காவது சிக்கிக்கொள்கிறது. பல அட்டைகளில் நேர்மின்னூட்டம் தரும் பிசினும் சேர்த்திருப்பார்கள். ஈஸ்ட், பாக்டீரியா ஆகியவற்றின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால், இடைவெளியைவிடச் சிறிய துகளும் ஒட்டிக்கொள்ளும். இதனால்தான் அட்டையில் அச்சிட்டிருக்கும் மைக்ரான் எண் ஒரு தோராய மதிப்பு மட்டுமே. 'ஒரு மைக்ரான்' என்றால் அந்த அளவுள்ள துகள்களில் பெரும்பகுதி நிற்கும், சில போய்விடும் என்றே பொருள். அழுத்தம் ஏறினால் சிக்கியதும் கழன்று வெளியே வரும். நுண்மையான அட்டைகளுக்குச் சுமார் 1.5 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்), பருமட்டான அட்டைகளுக்குச் சுமார் 3 பார் என்பது வழக்கமான உச்சவரம்பு. முள் அந்த எண்ணை நெருங்கினால் அட்டையை மாற்ற வேண்டுமே தவிர, பம்பை வேகப்படுத்தக் கூடாது. ஜெர்மனியின் க்ராய்ட்ஸ்நாக் நகரில் தொடங்கிய சைட்ஸ் நிறுவனம் இந்த அட்டைகளால்தான் புகழ்பெற்றது. அப்போதைய அட்டைகளில் கல்நார் கலந்திருந்தது. உடல்நலக் கேடு தெளிவானபின் 1970களில் அது கைவிடப்பட்டது. நுண்ணுயிர் நீக்கும் அட்டைகள் வந்த பிறகுதான் இனிப்பு மிச்சமுள்ள இலேசான ஒயின்களைத் துணிந்து புட்டியில் அடைக்க முடிந்தது.

அட்டையைக் கையில் எடுத்தால் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் வழவழப்பாகவும் இருக்கும். சொரசொரப்பான பக்கத்தில்தான் ஒயின் நுழைய வேண்டும். திருப்பி வைத்தால் நார் கழன்று ஒயினில் வரும், அட்டையும் விரைவில் அடைத்துக்கொள்ளும். மாட்டியபின் சிட்ரிக் அமிலம் கலந்த நீரை முதலிலும், பிறகு வெறும் நீரை நிறையவும் ஓட்டி, வெளிவரும் நீரை வாயில் வைத்துப் பாருங்கள். ஈரக் காகிதத்தின் சுவை முழுக்கப் போயிருக்க வேண்டும். முதலில் வரும் ஒயினில் அந்த நீர் கலந்திருக்கும் என்பதால் அதைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். வடிகட்டிய ஒயினில் 'ஏதோ போய்விட்டது' என்று சொல்பவர்கள் சுவைத்தது பல நேரம் நீர் கலந்த, காகித வாடையடிக்கும் அந்த முதல் பகுதியைத்தான்.

நீங்கள் கேட்ட சவ்வு வடிகட்டி முற்றிலும் வேறு. அது மெல்லிய பாலிமர் தாள், துளையளவு கட்டுப்படுத்தப்பட்டது, பிடிப்பது மேற்பரப்பிலேயே. ஈஸ்ட்டை நிறுத்த 0.65 மைக்ரானும், பாக்டீரியாவையும் நிறுத்த 0.45 மைக்ரானும் ஒயின் துறையில் வழக்கம். அட்டையின் எண்ணைப் போலன்றி இதை நம்பலாம், சோதித்தும் பார்க்கலாம். சவ்வை நனைத்துவிட்டு ஒரு பக்கம் வாயு அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், துளையில் உள்ள நீரைத் தள்ளி வாயு வெளிவரும் ஒரு புள்ளி இருக்கும். குறித்த அழுத்தத்துக்கு முன்பே குமிழ் வந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது அல்லது வளையம் சரியாக உட்காரவில்லை. பொறுப்பான கூடங்களில் அடைப்பு வேலைக்கு முன்னும் பின்னும் இதைச் செய்வார்கள். ஆனால் சவ்வுக்கு ஆழம் கிடையாது என்பதால் கொள்ளளவும் மிகக் குறைவு. இப்போதுள்ள உங்கள் கலங்கலை நேரே அதில் விட்டால் சில நிமிடங்களில் அடைத்துக்கொள்ளும், செலவு வீண். தெளிந்த ஒயினுக்குக் கடைசிக் காவலாக வைப்பதே சவ்வு. தெளியவைக்கும் கருவி அல்ல.

கண்ணுக்குத் தெளிவாக இருப்பதும் சவ்வில் ஓடுவதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள 0.65 மைக்ரான் சவ்வு வட்டு ஒன்றில், 2 பார் அழுத்தத்தில் ஒயினை விட்டு, முதல் 200 மி.லி. வர ஆகும் நேரத்தையும் மொத்தம் 400 மி.லி. வர ஆகும் நேரத்தையும் குறிப்போம். சவ்வு அடைபடவே இல்லை என்றால் இரண்டாவது முதலாவதுபோல் சரியாக இரண்டு மடங்கு. அதற்குமேல் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு தொல்லை. பளிங்குபோலத் தெரிந்த ஒயின் 300 மி.லி.யைத் தாண்டாமல் நின்றுபோவதும் உண்டு. போட்ரைட்டிஸ் பூஞ்சை பற்றிய திராட்சை கலந்திருந்தால் இது கிட்டத்தட்ட நிச்சயம். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் குளுக்கான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி, மதுசாரத்தில் கூழ்போல் திரண்டு மிகக் குறைந்த அளவிலேயே சவ்வை மெழுகிவிடும். குளுக்கானைச் சிதைக்கும் நொதியைப் போட்டுக் காத்திருப்பதே வழி. அதுவும் குளிரில் மந்தமாகத்தான் வேலை செய்யும்.

குறுக்கோட்ட வடிகட்டலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது சிறு அளவுக்கு உரியதல்ல. இதில் ஒயின் சவ்வை நோக்கி நேராக மோதுவதில்லை. நுண்குழல்களுக்குள் சவ்வுக்கு இணையாக வேகமாக ஓடுகிறது. ஒரு பகுதி சுமார் 0.2 மைக்ரான் துளைகள் வழியே தெளிந்து வெளியேற, மீதி படிவை அரித்துக்கொண்டே சுற்றிவருகிறது. அவ்வப்போது எதிர்த்திசையில் தள்ளிச் சுத்தம் செய்துகொள்ளும். மண் கிடையாது, அட்டை கிடையாது, கலங்கிய ஒயின் ஒரே ஓட்டத்தில் தெளிந்துவிடும். பெரிய கூடங்கள் பல இதற்கு மாறியதன் காரணம் இதுதான்.

இப்போது சுவை. 0.45 மைக்ரான் என்பது 450 நானோமீட்டர். மண மூலக்கூறும் நிற மூலக்கூறும் ஒரு நானோமீட்டர் அளவு. துளை அவற்றைத் தடுத்து நிறுத்த வழியே இல்லை, இது உறுதி. ஆனால் 'ஆகவே எதுவுமே போகாது' என்று முடிப்பதும் நேர்மையல்ல. துவர்ப்புத் தரும் டானின், நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளான பாலிசாக்கரைடு, புரதம் ஆகியவை ஒன்றுசேர்ந்து பெரிய கூழ்மத் திரள்களாக மிதக்கின்றன. அவற்றில் ஒரு பங்கு சவ்விலும் அட்டையிலும் தங்குவதை அளந்து காட்ட முடியும். புதிய அட்டை முதலில் வரும் ஒயினிலிருந்து கொஞ்சம் நிறத்தை உறிஞ்சுவதும் உண்மை. நாவில் உணரும் அளவுக்கு இது பெரிதா என்பதில்தான் கருத்து வேறுபாடு. வடிகட்டி அடைத்த முதல் சில வாரங்கள் ஒயின் ஊமையாகிவிடுகிறது, பிறகு மீண்டுவிடுகிறது என்பதை இத்துறையில் பெரும்பாலோர் உணர்ந்திருக்கிறோம். அது வடிகட்டலாலா, பம்பின் ஆட்டத்தாலா, அப்போது கரைந்த ஆக்சிஜனாலா, சேர்த்த சல்ஃபர் டை ஆக்சைடாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். பல ஆண்டுகள் முதிரவைக்கும் சிவப்பு ஒயினில் நீண்டகால விளைவு என்ன என்பது இன்னும் தீராத விவாதம். 1980, 90களில் அமெரிக்க விமர்சகர்களும் இறக்குமதியாளர்களும் 'வடிகட்டாதது' என்பதைத் தரத்தின் முத்திரையாகவே உயர்த்திப் பிடித்தார்கள். முரட்டுத்தனமாக, தேவைக்குமேல் வடித்த ஒயின்கள் அன்று நிறைய இருந்தன என்பதால் அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் குற்றவாளி துளை அல்ல, கவனக்குறைவு என்பதே என் தீர்ப்பு. குளிர்ந்த ஒயின் ஆக்சிஜனை அதிகமாகக் கரைத்துக்கொள்ளும். குழாய்களையும் ஏற்கும் பாத்திரத்தையும் முன்கூட்டியே நைட்ரஜனாலோ கார்பன் டை ஆக்சைடாலோ நிரப்பாமல் வடித்தால், இழப்பு அங்கேதான் நேர்கிறது.

சர்க்கரை முழுக்கத் தீர்ந்து, மாலோலாக்டிக் நொதித்தலும் (லாக்டிக் பாக்டீரியா மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றுவது) முடிந்து, மாதக்கணக்கில் தெளிந்த சிவப்பு ஒயினை வடிகட்டாமல் அடைப்பதை நான் மனமார ஏற்பேன். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு: பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட் இருந்தால், மிகச் சொற்பமான சர்க்கரையிலும் பிழைத்துப் புட்டிக்குள் குதிரை லாய வாடையை உண்டாக்கும். நலிந்த நிலையில் அதன் செல்கள் சுருங்கி 0.45 மைக்ரானையும் தாண்டுகின்றனவா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. வழக்கமான செல்கள் தாண்டாது என்பதில் ஐயமில்லை.

உங்கள் ஒயினில் நிலைமை வேறு. அதில் சர்க்கரை இருக்கிறது, உயிருள்ள ஈஸ்ட்டும் நிச்சயம் இருக்கிறது. புட்டிக்குள் மீண்டும் நொதித்தால், லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தை உண்டாக்கும். ஷாம்பெயினில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரை சேர்த்து 6 பார் வரை கொண்டுபோகிறார்கள். அதற்கென்றே தடித்த கண்ணாடி, கம்பி கட்டிய கார்க். சாதாரண புட்டி அதைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. வெடித்துச் சிதறும் கண்ணாடி கண்ணைப் பறித்துவிடும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தகடு வடிகட்டியில் வடித்த ஒயின் பளிச்சென்று இருக்கலாம். அதில் லிட்டருக்குச் சில நூறு ஈஸ்ட் செல்கள் தப்பியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அவை பெருகப் போதும். சவ்வை வைத்தாலும், அதற்குப் பின்னால் வரும் குழாய், நிரப்பும் முனை, புட்டி, மூடி அனைத்தும் நுண்ணுயிர் நீங்கியவையாக இருக்க வேண்டும். தொழிற்கூடங்களில் 80 டிகிரிக்கு மேற்பட்ட சுடுநீரையோ நீராவியையோ இருபது முப்பது நிமிடம் ஓட்டித்தான் இதை உறுதி செய்கிறோம். வீட்டில் இந்தச் சங்கிலியை முழுமையாகக் காப்பது எளிதல்ல. ஆகவே உங்களுக்கு நான் சவ்வைப் பரிந்துரைக்கவில்லை.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சர்க்கரை முழுக்கத் தீரும்வரை நொதிக்கவிட்டு, உலர் ஒயினாக அடைப்பது. பாதுகாப்பில் இதற்கு ஈடில்லை. மற்றொன்று, தெளிந்தபின் பொட்டாசியம் சார்பேட் சேர்ப்பது. அது ஈஸ்ட்டைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் கலங்கிய ஒயினில் போட்டால் தோற்கும். தகடு வடிகட்டியில் ஈஸ்ட்டைக் குறைத்தபின் போட்டால் நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சார்பிக் அமிலத்துக்கு உச்சவரம்பு லிட்டருக்கு 200 மி.கி. பாக்டீரியாவை அது தடுக்காது. லாக்டிக் பாக்டீரியா அதைத் தின்றால் கசக்கிய ஜெரேனியம் இலையின் வாடை வரும், அதைப் போக்க வழியே கிடையாது. ஆகவே சல்ஃபர் டை ஆக்சைடு கூடவே இருந்தாக வேண்டும். எவ்வளவு என்பது அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பைப் பொறுத்தது: நுண்ணுயிர்களைக் கட்டுப்படுத்தும் மூலக்கூறு வடிவம் லிட்டருக்கு 0.8 மி.கி. இருக்க, பிஎச் 3.2 என்றால் கட்டுறாத (ஒயினின் மற்றப் பொருள்களோடு பிணையாத) சல்ஃபர் டை ஆக்சைடு சுமார் 20 மி.கி. போதும், பிஎச் 3.6 என்றால் சுமார் 50 மி.கி. வேண்டும். பிஎச் அளக்காமல் பொத்தாம்பொதுவாக ஒரு சிட்டிகை போடுவது இங்கே உதவாது.

ஆகவே இப்போதைக்கு எந்தக் கருவியும் வாங்காமல் அடர்த்தியை இருமுறை அளந்து, வாயுவை வெளியேற்றி, பெக்டின் சோதனையைச் செய்துவிடுங்கள். நொதித்தல் நின்றுவிட்டது உறுதியானால் ஜாடியைக் குளிரில் சில வாரம் வைத்து இறுங்கள். பிறகு வெப்பச் சோதனை, தேவைப்பட்டால் பென்டோனைட், மீண்டும் ஒருமுறை இறுத்தல். பெரும்பாலும் இதற்குள் ஒயின் தெளிந்துவிடும். அதற்குப் பிறகும் மெல்லிய மங்கல் இருந்தால், அல்லது இனிப்போடுதான் வேண்டும் என்றால், தகடு வடிகட்டியில் முதலில் பருமட்டான அட்டை, அடுத்து நுண்மையான அட்டை என இரு கட்டமாக வடியுங்கள். எல்லாவற்றையும் அடைப்பதற்கு முன் ஒரே ஒரு புட்டியை மட்டும் நிரப்பி, 25 முதல் 30 டிகிரி வெப்பமுள்ள இடத்தில், ஒரு மூடிய பெட்டிக்குள் மூன்று வாரம் வையுங்கள். திறக்கும்போது சீறாமலும், ஒளியில் மங்காமலும், அடியில் படிவு இல்லாமலும் இருந்தால் மீதியை அடைக்கலாம். சீறினால், வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத பூட்டுக்குழாயை ஜாடியில் மாட்டி நொதிக்கவிடுங்கள்.